வளர்பிறையில் ஒரு மான் வேட்டை

செப்டம்பர் 6, சனி

பெண் கேட்கப் போன இடத்தில், துப்பாக்கி பிடித்திருக்கிறாயா என்று கேட்டார்கள்.

ஹாரோகேட்டில் தாரிணி வீடு. அவள் அப்பா டாக்டர் தண்டபாணி, எலும்பு மருத்துவர், ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கிலாந்து. வாசலில் கையை நீட்டி, "கால் மீ டான்" என்றார். தண்டபாணி இங்கே வந்து இறங்கியதும் டான் ஆகிவிட்டார். என் பெயர் சுடலைமணி. அதை எந்தப் பக்கம் வெட்டினாலும் வெள்ளைக்காரன் ஆக முடியாது.

எங்கள் ஊரில் பெண்ணின் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல்லை எண்ணி வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். 'சார்' என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. 'மாமா' என்று சொல்ல இன்னும் அதிகாரம் வரவில்லை. ஆகவே சாயங்காலம் வரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன். 'இந்தாங்க' என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டினேன்.

சம்பளம் கேட்பார், சாதி கேட்பார், ஜாதகம் கேட்பார் என்று மூன்றுக்கும் பதில் தயாரித்துப் போயிருந்தேன். எதையும் கேட்கவில்லை. கணப்பு அடுப்புக்கு மேலே பலகையில் மாட்டிய பெரிய மான் கொம்பைக் காட்டினார்.

"ஸ்காட்லாந்து. நானே எடுத்தது."

எடுத்தது என்றால் சுட்டது. அவர் விஸ்கி எடுக்கப் போனபோது பலகையை அண்ணாந்து பார்த்தேன். திருகு ஓட்டைகள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடியை மக்குப் பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். பெயர்த் தகடு இருந்திருக்கவேண்டிய இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருக்கிறது. டெர்பியில் ரயில் பெட்டிச் சட்டங்களை ஆட்டிப் பார்த்து எங்கே விரிசல் விடுகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஓட்டை என் கண்ணுக்குத் தப்பாது. இந்தக் கொம்பு இதற்கு முன் வேறு யாரோ வீட்டுச் சுவரில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"யங் மேன், சம்பளத்தை வச்சு ஆளை எடை போட முடியாது. ஒருத்தனோட கார்ல நாள் கணக்காப் போகணும். மழையில நனையணும். ஒரு மான் முன்னாடி அவன் என்ன பண்றான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் நான் யெஸ்ஸா நோவான்னு சொல்லுவேன்."

"ஹன்டிங்கா?"

முகம் சுளித்தார். "ஹன்டிங் வேற. இது ஸ்டாக்கிங். காத்துக்கு எதிர்த்தாப்புல, தரையோட தரையா ஊர்ந்து, மானுக்கே தெரியாம கிட்டப் போறது. ஜென்டில்மேன் பண்றது."

ஜென்டில்மேன் ஏன் ஊர வேண்டும் என்று கேட்கவில்லை. பயணத் திட்டம் முழுவதும் என் பொறுப்பாம். இன்ஜினியர்தானே, போடு என்றார்.

தாரிணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கால்நடை மருத்துவர். பூனை, நாய் இல்லை; மாடு, குதிரை. பத்து வயது வரை மதுரையில் பாட்டி வீட்டில் இருந்து படித்தவள் என்பதால் தமிழில் நன்றாகவே திட்டுவாள். "நான் வரவா, வேண்டாமா?" என்றாள்.

"நீ இல்லாம எப்படி? நீதானே ஓட்டணும்" என்றார் டாக்டர்.

டாக்டருக்கு முழங்கால் மடங்காது. எனக்கு லைசென்ஸ் இல்லை. இரண்டு தடவை தேர்வில் தோற்கடித்துவிட்டார்கள். முதல் தடவை 'போதுமான தயக்கம் இல்லை' என்று எழுதினான். இரண்டாம் தடவை 'தேவையற்ற தயக்கம்' என்று எழுதினான். இந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்று இந்த நாட்டுக்கே தெரியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எக்செல் திறந்தேன். வழி ஒரு தாள், காற்று ஒரு தாள், குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும் என்பது ஒரு தாள். பெர்த் தாண்டி மலைக்குள் மான் வேட்டைக்கு இடம் தருகிற ஒரு எஸ்டேட் பிடித்தேன். துப்பாக்கி அவர்களுடையது. கூட ஒரு ஆள் வந்து மானைக் காட்டுவார். பெரிய சாலையிலேயே ஏறி வடக்கே விட்டால் மதியத்துக்குள் எடின்பரோவைத் தாண்டிவிடலாம்.

டாக்டர் திருத்தி அனுப்பிவிட்டார். மோட்டார்வேயில் போவது பயணம் இல்லையாம், சரக்குப் போக்குவரத்தாம். கன்ட்ரிசைடு வழியாகப் போக வேண்டுமாம். கல் சுவர், ஆடு, டிராக்டர், டிராக்டருக்குப் பின்னால் நாங்கள். ஆடு பார்க்க வேண்டும் என்றால் நான் கோவில்பட்டியிலேயே இருந்திருப்பேன்.

செப்டம்பர் 13, சனி

தாரிணி டெர்பிக்கு வந்தாள். நான் சமைத்தேன். சுமார் என்றாள். சாப்பிடும்போது, "நீ ஆர்க்னி போயிருக்கியா?" என்றாள்.

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடலுக்குள் கிடக்கிற தீவுக் கூட்டம். உடனே எக்செல்லில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். படகு நேரம் நம் திட்டத்தோடு ஒட்டவில்லை. ஒரு முழு நாள் வீண். அங்கே மான் வேட்டையும் கிடையாது. முடியாது என்று சொல்லிவிட்டு அந்த வரியையே அழித்தேன்.

"நான் பிளானுக்குச் சொல்லல" என்றாள்.

"பின்ன?"

"ஒண்ணும் இல்ல. ரசம் நல்லா இருக்கு."

ரசம் வைக்கவில்லை. அது பருப்பு.

செப்டம்பர் 17, புதன்

அம்மா போன். பெண் அமைந்தால் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்திருக்கிறாள். குட்டியே வாங்கி விட்டாளாம். "அவிய அப்பா சரின்னு சொன்ன அன்னைக்கே போனப் போடு, என்ன. கிடா தின்னு தின்னு கொழுத்துட்டுக் கெடக்கு" என்றாள்.

தாரிணிக்குப் போனில் இதைச் சொன்னேன். எங்கள் கோயிலில் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். சாமி முன்னால் நிறுத்தி முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம், உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அரிவாள்.

"சிலுப்பலேன்னா?"

"மறுபடி ஊத்துவோம்."

"அப்பவும் சிலுப்பலேன்னா?"

"சிலுப்புற வரைக்கும் ஊத்துவோம்."

 

"நல்லா இருக்கு உங்க ஓட்டுரிமை" என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரிய குழப்பம். அக்டோபர் பதினைந்துக்குப் பதிவு செய்திருந்தேன். தாரிணியின் அம்மா வசந்தா அத்தை பஞ்சாங்கத்தோடு வீடியோவில் வந்தார். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லப் போகிற பயணம் தேய்பிறையில் நடக்கக் கூடாதாம். தீபாவளி முடிந்து, அமாவாசை தாண்டி, வளர்பிறையில் போக வேண்டும்.

டானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமலே, "மாத்திடு யங் மேன்" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

எஸ்டேட்டிலிருந்து பதில். தேதி மாற்றம் சரியாம். 'தேதி மாறினால் மற்றதும் மாறும், தெரியும்தானே' என்று ஒரு கேள்வி. தெரியும் என்று போட்டேன். என்ன மாறிவிடும், ரூம் மாறும்.

அக்டோபர் 4, சனி

டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் ஊர்தல் பயிற்சி. அவர் ட்வீட் கோட்டும் அரைக் கால்சராயும் தொப்பியும் போட்டு வந்தார். சாக்குத் துணிதான். விலை மட்டும் பட்டு.

முதலில் அவர் ஊர்ந்து காட்டினார். ரோஜாச் செடியிலிருந்து பறவைத் தொட்டி வரை. பாதி தூரத்தில் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். முழங்கால் பூட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு நாய் வந்து அவர் முகத்தை முகர்ந்து பார்த்து, மான் இல்லை என்று முடிவு செய்து திரும்பிப் போனது.

தாரிணி அவரைத் தூக்கி நிறுத்தினாள். மாட்டைத் தூக்கி நிறுத்துகிற பிடி. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள்.

"பேசலாம், பேசலாம். முதல்ல இவன் ஊரட்டும்."

ஊர்ந்தேன். இடுப்பு தூக்குகிறதாம்.

அக்டோபர் 11, சனி

டாக்டரின் பழைய ஜீப்பைப் பரிசோதித்தேன். நான்கு டயரிலும் நான்கு விதமான காற்று. எலும்பை இப்படித்தான் பார்த்தாரா தெரியவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தபோது தாரிணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மணி, ஒரு விஷயம்" என்றாள்.

"இரு. அளவு பாத்துக்கிட்டிருக்கேன்."

இருந்தாள். நான்காவது டயர் முடிந்து திரும்பியபோது இல்லை. உள்ளே போய் அவள் அம்மாவோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இங்கே வெடி இல்லை, லீவு இல்லை. பெட்டி கட்டினேன். அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன்.

"ஏல, நாளைக்கழிச்சு சஷ்டி தொடங்குதுல்லா. நாடே விரதம் இருக்கும்போது நீ மான் சுடப் போறியோ?"

"பொண்ணு வீட்டுல பாத்த நாளும்மா."

"என்ன பாத்தாவ? வள்ளியப் பெத்ததே மான்தாம்ல. முருகனுக்கு மாமியாரு முறை வேணும்."

முருகனின் மாமியாரைச் சுட்டு என் மாமனாரைச் சம்பாதிக்கப் போகிறேன். சொல்லவில்லை. மாமனார் பெயரே தண்டபாணி என்பது இப்போதுதான் உறைத்தது. அதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

கிளம்பினோம். நிறைந்த அமாவாசை, போகலாமாம். வசந்தா அத்தை எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைத்தார். நான் அளந்து அடித்த காற்று போதாது போல.

லேபர்ன், ஆல்ஸ்டன், ஜெட்பரோ. எல்லாம் ஒரே மாதிரி: கல் சுவர், ஈரம், ஆடு. ஒவ்வொரு மேட்டிலும் டாக்டர், "லுக் அட் தட்" என்றார். பார்த்தேன். ஆடு. ஆல்ஸ்டனுக்கு முன்னால் ஒரு டிராக்டர் எங்களுக்கு முன்னால் மெதுவாக ஒரு தத்துவம்போலப் போயிற்று. ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடி என்றேன்.

"இங்க அடிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"ஓட்டுறது நான்" என்றாள் தாரிணி. 

டாக்டர் வழியில் ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய பெரிய டாக்டர் இதே போல ஒரு வேட்டைக்குக் கூட்டிப்போனாராம். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், இவர் ஒருவர்தான் நம்மாள். "மலை ஏற முன்னாடி அவங்க கையில எல்லாம் துப்பாக்கி. என்கிட்ட ஒரு பையைக் குடுத்தாங்க" என்றார். 

"பையில என்ன?" என்றேன்.

"சாண்ட்விச்."

அக்டோபர் 22, புதன்

எஸ்டேட். பெயர் பெரிய பெயர், வீடு ஈர வீடு. மான் காட்டுகிற ஆள் பெண். மோரக் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. மலைக்குப் போகும் முன் எல்லோரும் குறிப்பலகையில் சுட்டுக் காட்ட வேண்டும், அது இங்கே வழக்கம் என்றாள்.

நான் சுட்டது எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது. என்சிசி, பிறகு எக்செல். டாக்டர் சுட்டது பலகையில் எங்கும் இல்லை. மலையில் எங்கோ இருக்கிறது. "காத்து" என்றார். காற்று இல்லை.

தாரிணியிடமும், சுடுகிறாயா என்று மோரக் கேட்டாள். "கால் உடைஞ்ச குதிரைக்கெல்லாம் நான்தான் முடிச்சு வைக்கிறேன். லீவு நாள்லயுமா?" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு டாக்டர் கேட்டார், நாளைக்குக் கிடைக்கப் போகிற கொம்பு எத்தனை கிளை இருக்கும் என்று. சுவரில் இடம் அளந்து வைத்திருக்கிறார்.

மோரக் மூக்கைத் துடைத்துவிட்டு, "என்ன கொம்பு?" என்றாள்.

இந்த எஸ்டேட்டில் ஆண் மான் வேட்டை திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டதாம். நேற்றிலிருந்து பெண் மான் மட்டும். பெண் மானுக்குக் கொம்பு கிடையாது. 'தேதி மாறினால் மற்றதும் மாறும்' என்று எழுதியதும், தெரியும் என்று இவர் பதில் போட்டதும் ஞாபகம் இருக்கிறது என்று என்னைக் கை காட்டினாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"வசந்தா, உன் பஞ்சாங்கத்தால கொம்பு போச்சு."

ஸ்பீக்கரில் அத்தையின் குரல்: "வளர்பிறைதானே, வளரும். நான் சஷ்டி விரதத்துல இருக்கேன், கொம்பு கிம்புன்னு பேசாதீங்க."

தாரிணி ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததிலிருந்து மழை. தாரிணி வண்டியில் இருப்பாள் என்பது என் திட்டம். மோரக் எங்கள் கால்களைப் பார்த்து, ஒழுங்கான பூட்ஸ் போட்டிருப்பது இவள் ஒருத்திதான், வரட்டும் என்றாள். மோரக், டாக்டர், நான், தாரிணி என்று வரிசையாக ஏறினோம். என் போன் நனைந்து செத்தது. அதற்குள்தான் காற்று, தூரம், எல்லாத் தாளும். டாக்டரின் ட்வீட் தண்ணீர் குடித்துக் குடித்து அவரைக் கீழே இழுத்தது.

கடைசி மேட்டில் படுத்து ஊர்ந்தோம். முப்பது வருடம் அடுத்தவர் முழங்காலை மாற்றியவர் தன் முழங்காலை விட்டுவிட்டார். ஒவ்வொரு அசைவுக்கும் பல்லைக் கடித்தார். ஆனால் நிற்கவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் பிணை மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தனியாக நின்ற ஒன்றை மோரக் காட்டினாள். வயதானது, இடுப்பெலும்பு துருத்தி நின்றது. இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது, அதுதான் என்றாள். துப்பாக்கியை டாக்டரிடம் கொடுத்தாள்.

அவர் குறி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.  பிறகு திரும்பாமலே, "தம்பி, நீ சுடு" என்றார்.

யங் மேன் போய்த் தம்பி வந்தது இப்போதுதான்.

நான் படுத்தேன். குறிக் கண்ணாடியில் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. இமை மயிரில் மழைத்துளி. முன்னங்காலுக்குப் பின்னால், எந்த இடம் என்று தெரியும். தூரம் சரி. விரல் விசையில்.

அப்போது அது தலையை உயர்த்தியது. கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக வால் வரை ஒரே உதறல். தண்ணீர் சுற்றிலும் வட்டமாகத் தெறித்தது.

"உத்தரவு குடுத்துருச்சு."

தமிழில் ஒரு குரல். நான்தான் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். என் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். டான், ஹாரோகேட்டின் டான், தாடையெல்லாம் சேறாகக் கவிழ்ந்து கிடந்தபடி, கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

நான் சுடவில்லை. காற்று இடப்பக்கம் திரும்பியது போல இருந்தது. அந்த நிலையில் சுடுவது தொழில்நுட்ப ரீதியாகச் சரியில்லை. அதனால் சுடவில்லை.

மோரக் காத்திருந்தாள். தும்மலை அடக்கினாள். பிறகு என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தானே படுத்து, சுட்டாள். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. இந்த வாரத்துக்கு இன்னும் நிறைய எடுக்க வேண்டியிருக்கிறது, மான் பெருத்தால் மரக்கன்று ஒன்றும் மிஞ்சாது என்றாள். காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முதலில் இறங்கிப் போனது தாரிணி. கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மோரக்கோடு சேர்ந்து குடலை எடுத்தாள். ஈரலைப் பிடித்துப் பார்த்து இரண்டு பேரும் ஏதோ புழுவைப் பற்றி ஆர்வமாகப் பேசினார்கள். டாக்டர் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

"உங்க ஊர்லயும் தண்ணி ஊத்துவாங்களா?" என்றார்.

"மஞ்சத் தண்ணி."

"எங்க ஊர்ல வெறும் தண்ணி, வேப்பிலை போட்டு." டீயைக் குடித்தார். "சின்னப் பையனா இருக்கும்போது, நான் வளத்த கிடா. சிலுப்பவே இல்லப்பா அது. எங்கய்யா குடம் குடமா ஊத்துனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. குளுரு தாங்காம உதறுச்சு. பொம்பளைங்க எல்லாம் குலவை போட்டாங்க."

கொஞ்ச தூரத்தில் தாரிணி கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

திரும்பும் வழி. மறுபடி கல் சுவர். டாக்டர் முன்னால், நான் பின்னால். என் காலடியில் ஐஸ் பெட்டியில் எங்கள் பங்கு மான் கறி. சூரசம்ஹாரம் முடியும் வரை அது வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது என்று வசந்தா அத்தையின் உத்தரவு வந்துவிட்டது.

ஜெட்பரோ தாண்டி டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வீட்டுல இருக்கே அந்தக் கொம்பு. அது ஸ்கிப்டன்ல பழைய சாமான் விக்கிற இடத்துல வாங்கினது."

"தெரியும். திருகு ஓட்டை ரெண்டு ஜோடி இருந்துச்சு."

"எப்பப் பாத்த?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

 பிறகு சீட்டிலிருந்து திரும்ப முயன்றார். முழங்கால் விடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எனக்குச் சம்மதம். நீ சுட்டிருந்தாக்கூட இவ்வளவு தைரியமாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ், மாமா."

சொல்லிவிட்டேன். செப்டம்பர் ஆறிலிருந்து தொண்டையில் இருந்த சொல். அவரும் சிரித்தார். கையை மட்டும் பின்னால் நீட்டினார். பிடித்துக் குலுக்கினேன். மாமாவின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிடலாமா, கிடா தயாராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

தாரிணி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"எனக்கு ஆர்க்னியில வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். செப்டம்பர்லயே கையெழுத்துப் போட்டுட்டேன். நவம்பர் மூணாம் தேதி சேரணும்."

நானும் மாமாவும் ஒரே நேரத்தில், "சொல்லவே இல்லையே" என்றோம்.

"சொல்ல வந்தேன். இவன் படகு டைம் பாத்தான். நீங்க தோட்டத்துல ஊர்ந்துக்கிட்டிருந்தீங்க. அப்புறம் இவன் டயருக்குக் காத்தடிச்சான்."

"அப்ப கல்யாணம்?" என்றார் மாமா. மாமா இல்லை. டாக்டர்.

"அதை என்கிட்ட யார் கேட்டா? இவன் உங்களைக் கேட்டான். நீங்க மானைக் கேட்டீங்க. மான் சிலுப்பியாச்சு, நீங்க சிலுப்பியாச்சு. அங்க ஊர்ல ஒரு கிடா வேற நிக்குது."

நாம் பேசி முடிவு செய்ததுதானே என்றேன்.

"நீ பேசின. நீ முடிவு பண்ணின. 'அப்பாவைப் பாக்கலாமா'ன்னு கேட்ட, பாக்கலாம்னு சொன்னேன். பாத்தாச்சு."

"சரி, இப்பக் கேக்கறேன்."

"இப்ப வேண்டாம். ரோட்டோரத்துல, எங்கப்பாவை முன்சீட்டுல வச்சுக்கிட்டு, மான் கறி மேல காலை வச்சுக்கிட்டு வேண்டாம்."

எஞ்சினைப் போட்டாள். எதிரே வந்த லாரி வாரியடித்த தண்ணீர் கண்ணாடி முழுவதும் அறைந்தது. ஒரு நொடி எதுவும் தெரியவில்லை. அவள் நிதானமாக வைப்பரைத் தட்டினாள்.

 ஆல்ஸ்டனில் டாக்டர் மெல்ல, "உங்கம்மாகிட்ட என்னம்மா சொல்றது?" என்றார்.

"வளர்பிறைன்னு சொல்லுங்க."

அக்டோபர் 25, சனி

வீட்டு லேப்டாப்பில் காற்றுத் தாளைத் திறந்தேன். வியாழக்கிழமை அந்த மலைக்கான வானிலைப் பதிவு வந்திருந்தது. காற்று திரும்பவில்லை. மூடினேன்.

நவம்பர் 1, சனி

தாரிணி கிளம்பிவிட்டாள். ஜீப்பை டாக்டர் அவளுக்கே கொடுத்துவிட்டார். நான்கு டயரிலும் காற்று சரியாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

போனில் கேட்டேன். முன்னுரை, காரணம், அட்டவணை எதுவும் இல்லாமல் கேட்டேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா என்று மட்டும். அவள் பக்கம் காற்று பெரிதாக இரைந்தது. ஏதோ ஒரு மாடு கத்தியது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"எப்ப?"

 கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் தெரிந்துவிட்டது.

நவம்பர் 27, வியாழன்

லைசென்ஸ் தேர்வு, மூன்றாம் தடவை. ரவுண்டானாவில் நின்றேன். வலப்பக்கம் வருகிறவர்கள் போகட்டும் என்று நின்றேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இங்கே அடிக்கக் கூடாது, அடித்தான். அப்போதும் நின்றேன். பாஸ்.

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். 'நல்லா ஓட்டு' என்று பதில். வேறு ஒன்றும் இல்லை. டாக்டர் போன் போட்டு வாழ்த்தினார். "தண்டபாணி பேசறேன்" என்றார். கொம்பைக் கழற்றிவிட்டாராம். சுவரில் இப்போது அந்த ஓட்டைதான் தெரிகிறதாம். மக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சொன்னேன்.

சாயங்காலம் அம்மா.

"என்னல ஆச்சு? கிடாய்க்குச் சொல்லிரவா?"

"இரும்மா. அவ இன்னும் சொல்லல."

"அவிய அப்பாதான் அன்னைக்கே சரின்னுட்டாவுளே."

"அவ சொல்லணும்மா."

அம்மாவுக்கு என் அளவுக்குக்கூடப் பொறுமை கிடையாது. "அதுக்கென்ன, நீ இன்னொரு தடவ அழுத்திக் கேளு. ரெண்டு செம்பு கூட ஊத்துனா எல்லாம் சிலுப்பும்" என்றாள்.

"ஊத்த மாட்டேம்மா."

"அப்ப கிடா?"

"சும்மா நிக்கட்டும். தீனி போடு."